தனுஷ்கோடிக் காத்துல வசனம் பதிய ஒரு மைக் வேணும்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பசங்க நாங்க, செல்போன்லயே ஒரு குறும்படம் எடுக்குறோம். 1964 டிசம்பர் புயல்ல தப்பிச்ச ஒரு பாட்டி, தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச் பக்கம் பேத்திகிட்ட பேசுற காட்சி. நடிக்கிறது கூட்டாளியோட அப்பத்தா. வசனம் எழுதிக் கொடுக்கல, அவங்க போக்குல பேசுறாங்க. காசு கொட்டி எடுக்குற படத்துல இந்தப் பேச்சு வராது!

காலர் மைக்குல காத்துச் சத்தம்தான் விழுது. பஞ்சு சுத்தியும் கேக்கல. டப்பிங் பண்ணா உசிரு போயிரும்.

காத்துச் சத்தத்தைத் தடுக்குற ரோம உறை போட்ட மைக் இருந்தா ரெண்டு நாள் இரவல் தாங்க. பாம்பன், ராமநாதபுரம் எங்கன்னாலும் வந்து வாங்கிக்கிறோம். தனுஷ்கோடில காத்து எப்ப அடங்கும்னு கடலுக்குப் போற அண்ணன்மாரு சொன்னாலும் பெரிய உதவி. பார்க்கப்போறது எங்க தெருதான், ஆனாலும் அப்பத்தா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் கேக்கணும்.