சல்லன் (sullen), மரோஸ் (morose), கிளூமி (gloomy), மெலங்கலி (melancholy) எல்லாமே "சோகம்" தானா?

பாதி_தோசை:
ஐயெல்ட்ஸ் (IELTS) இங்கிலீஷ் பரீட்சையோட ரைட்டிங்குக்கு ப்ராக்டீஸ் பண்றேன். தாத்தா போனப்புறம் பாட்டி ஆறு மாசம் திண்ணைய விட்டு நகரவே இல்லனு ஒரு பாரா எழுதி, பாட்டி சல்லன்-ஆ இருந்தாங்கனு போட்டேன். சார் அத சிவப்பு பேனால சுழிச்சு "பாட்டிக்கு யார் மேல கோவம்?"னு எழுதி வச்சிருக்காரு. என்கிட்ட இருக்கற டிக்‌ஷனரில பாத்தா எல்லாத்துக்கும் சோகமான, வாட்டமானனு ஒரே அர்த்தம் தான் இருக்கு. யாராச்சும் மண்டைல ஏறுற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

வரிக்குதிரை:
சார் கேட்டது கரெக்ட் தாங்க. சல்லன்ல சோகத்த விட கோவம் தான் ஜாஸ்தி, ஆனா வாய தொறக்காத கோவம். "உம்முனு மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்"னு சொல்வோமே, அதே தான். லத்தீன்ல சோலஸ்னா தனியானு அர்த்தம், அங்கருந்து ஃப்ரெஞ்சு வழியா வந்த வார்த்தை, அதான் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் ஆளு ஒட்டாம இருக்கற ஃபீல் வருது. சல்க்கி (sulky) இதோட தங்கச்சி, ஐஸ்க்ரீம் வாங்கித் தரலனு பசங்க மூலைல போய் உக்காருதுங்களே அது, ராத்திரிக்குள்ள சரியாயிடும். (ஒத்த ஆள் மட்டும் உக்காந்து ஓட்டுற ரெண்டு சக்கர குதிரை வண்டிக்கும் சல்க்கினு தான் பேரு, கூட யாரையும் ஏத்திக்காதுல்ல!) கிளம்னு (glum) இன்னொன்னு இருக்கு, மேட்ச் தோத்த அன்னிக்கு கப்பல் கவுந்த மாதிரி இருக்கறது. மரோஸ் ஒரு நாள் கதை இல்ல, பல பேருக்கு சுபாவமே அது தான், கல்யாண வீட்டுக்கு வந்தும் யார்கிட்டயும் பேசாம ஓரமா சேர் போட்டு உக்காந்து கேட்டதுக்கெல்லாம் வள்ளுனு விழுவாரே ஒரு பெரியப்பா, அவரு.

ரிடையர்டு_சப்எடிட்டர்:
தம்பி, உங்க பாட்டிக்கு மெலங்கலி தான் பொருந்தும். கிரேக்கத்துல மெலாஸ்னா கருப்பு, கோலேனா பித்தம். உடம்புல ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கரும்பித்தம்னு நாலு நீர் ஓடுது, கரும்பித்தம் கூடிப் போனா மனுஷன் இப்படி ஆயிடுவான்னு பல நூறு வருஷம் நம்பினாங்க. நம்ம ஊர்லயும் பித்தம் தலைக்கேறினவன் பித்தன் தானே. 1514ல டூரர்ங்கற ஜெர்மன் ஓவியர் செப்புத் தகட்டுல செதுக்கின மெலன்கோலியா படத்த தேடிப் பாருங்க, றெக்கை வச்ச ஒரு பொண்ணு, சுத்தி ரம்பம் சுத்தியல் எல்லாம் சும்மா கெடக்க, கன்னத்துல கைய வச்சுக்கிட்டு எங்கயோ வெறிச்சுப் பாக்குது. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய ஜோசியத்துல இதுக்கு காரணம் யார் தெரியுமா, சனி! சனிக்கு அவங்க பேரு சாட்டர்ன், வாட்டமா இருக்கறவனுக்கு சாட்டர்னைன்னு (saturnine) ஒரு வார்த்தையே அதுலருந்து வந்தது. ஏழரை நமக்கு மட்டும் தான்னு நெனச்சிருந்தேன்.

தூறல்_மனுஷன்:
கிளூமிய யாருமே சொல்லல? அது ஆளுக்கு மட்டும் இல்ல, லைட் போடாத ரூம், மப்பு போட்ட வானம், வேலை போகப் போகுதுங்கற நியூஸ், எல்லாத்துக்கும் ஒட்டும். மெலங்கலி நியூஸ்னு சாதாரணமா யாரும் சொல்றதில்ல. சல்லன் மனுஷனுக்கு மட்டும் தான்னும் நெனச்சுடாதீங்க, பெய்யவும் பெய்யாம கலையவும் கலையாம முறைச்சுக்கிட்டே நிக்குமே வானம், அதுக்கும் கதைகள்ல போடுவாங்க.

பாதி_தோசை:
ரொம்ப தேங்க்ஸ், எல்லாருக்கும். (தம்பி இல்ல சார், தங்கச்சி.) மெலங்கலினு மாத்தலாம்னு தான் உக்காந்தேன், அப்பறம் அம்மாகிட்ட பேசினப்ப தான் ஞாபகம் வந்துச்சு, தாத்தாவோட ரேடியோவ அத்தை பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டாங்கனு பாட்டி மொத ஒரு மாசம் அத்தைகிட்ட பேசவே இல்லயாம், காப்பி குடுத்தாலும் தொடலயாம். அப்ப அந்த ஒரு மாசத்துக்கு சல்லன் சரி தானே? பாராவ ரெண்டா பிரிச்சா வார்த்தை லிமிட் தாண்டிடும் போல இருக்கே.