பழைய எம்.எம். 540 ஜீப்பில் பாடி மவுண்ட் ரப்பர் மாற்ற வேண்டும், எந்த ரப்பர் போடலாம், வீட்டிலேயே செய்யலாமா?

சாப்டூர்_தோப்பு எழுதியது:

வணக்கம். எங்களிடம் அப்பா காலத்து மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று இருக்கிறது, பெஜோ டீசல், ஃபோர் வீல். பேரையூரிலிருந்து சாப்டூர் தாண்டி சதுரகிரி அடிவாரத்துத் தோப்புக்குப் போய்வரத்தான் பெரும்பாலும் ஓடுகிறது. தார் ரோடு முடிந்தால் ஓடைக்கல்லும் மாட்டுவண்டித் தடமும்தான், வண்டி என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

கொஞ்ச காலமாகப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் காலடித் தகட்டுக்குக் கீழே டொக், டொக் என்று அடிக்கிறது. பட்டறையில் ஷேக்கிள் புஷ் (வில் பட்டை முனையில் இருக்கிற ரப்பர்) என்றார்கள், மாற்றியாச்சு. அப்புறம் ஷாக் அப்சார்பர் என்றார்கள், அதையும் மாற்றியாச்சு. செலவுதான் ஆனது, சத்தம் அப்படியே இருக்கிறது. கடைசியில் நானே அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், டிரைவர் பக்கம் பாடிக்கும் சேஸுக்கும் (அடிச்சட்டத்துக்கும்) நடுவில் இருக்கிற ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. பின்பக்கம் ஒன்றில் ரப்பரே இல்லை, வெறும் வாஷர்தான் ஆடுகிறது. பாடியும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது.

இதைப் பாடியைக் கழற்றாமல் மாற்ற முடியுமா? கெட்டுப்போன இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா? ஒருத்தர் பழைய லாரி டயரை வெட்டி வையுங்கள், ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார், இன்னொருத்தர் பாலியூரித்தேன் (ரப்பர் மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக்) வாங்கச் சொல்கிறார், எது சரி? இதில் ஒரு போல்ட் வேறு சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழல மாட்டேன் என்கிறது.

ஏலமலை_டிரைவர் எழுதியது:

தம்பி, எங்கள் போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் இது வழக்கமாக வரும் வேலைதான், பயப்பட வேண்டாம். முதலில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி நிறுத்தினால் சேஸ் முறுக்கும், அப்போது எந்த மவுண்டில் பாடி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சமதளத்தில் சின்னக் கடப்பாரையை சேஸில் ஊன்றிப் பாடியை மெல்ல நெம்பினாலும் ஆடுகிற இடம் டொக் என்று சொல்லிவிடும்.

பாடியைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுக்க எடுத்துவிட்டு, மறுபக்கத்தை எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்தி வைத்தால் போதும், எடுத்த பக்கம் ரப்பர் நுழையும் அளவுக்கு எழும்பும். பாட்டில் ஜாக்கியை நேராகத் தகட்டில் வைத்தால் பழைய தகடு குழிந்துவிடும் அல்லது கிழிந்துவிடும், அதனால் நீளமான கெட்டிப் பலகை ஒன்றைக் குறுக்கே கொடுத்து, மவுண்டுக்குப் பக்கத்தில் தகடு மடிந்து பலமாக இருக்கிற இடமாகப் பார்த்துத் தூக்குங்கள். ஒரே இடத்தில் ஒரேயடியாக ஏற்றக் கூடாது, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று ஏற்றி, ஒவ்வொரு தடவையும் சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை சொருகிக்கொண்டே போக வேண்டும். ஜாக்கியை நம்பி அந்த இடுக்கில் விரலை விடாதீர்கள், பழைய ரப்பரை எடுக்க இடுக்கியோ கம்பியோ போதும்.

தூக்குவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்து, பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று பாருங்கள், இதைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீயரிங் பெட்டி சேஸில் இருக்கும், அதன் தண்டு மேலே டேஷ்போர்டில் பிடித்திருக்கும், அந்தக் கிளாம்பைத் தளர்த்தணும். பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், டீசல் ஊற்றும் குழாய், வயரிங், தளத்தின் வழியாக மேலே வரும் கியர் லீவர்களின் ரப்பர் உறை, எல்லாவற்றிலும் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பாருங்கள். முன்னால் கிரில்லும் ரேடியேட்டரும் பாடியோடு சேர்ந்து எழும்பினால், எஞ்சினோடு இருக்கிற ஃபேன் அங்கேயே நிற்கும், ரேடியேட்டர் தகட்டிலோ கீழ் ஹோஸிலோ இடிக்கலாம். அவசரப்பட்டு ஜாக்கி அடித்து பிரேக் குழாயை வளைத்த கதையெல்லாம் எங்கள் பக்கம் நிறைய.

சுற்றுகிற போல்ட் விஷயம்: பாடியில் பற்றவைத்திருந்த நட் விட்டுப்போயிருக்கும். சீட்டையும் தரை விரிப்பையும் எடுத்துவிட்டு மேலிருந்து பாருங்கள், நட் கைக்கு எட்டினால் கிரிப் பிளையரில் பிடித்துக்கொள்ளலாம். எட்டாத இடமென்றால் தளத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி வேலையை முடித்துவிட்டு மறுபடி தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி. கேஸ் வைத்துச் சூடாக்குவது என்றால் டீசல் டேங்க் எங்கே, குழாய் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான். மற்ற போல்ட்டுகளுக்கு வேலை ஆரம்பிக்கிறதுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் துருவை இளக்குகிற எண்ணெய் அடித்துக்கொண்டே வாருங்கள், கழற்றுகிற அன்றைக்கு அடித்துப் பிரயோஜனம் இல்லை.

இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். புது ரப்பர் உயரமாக நிற்கும், பழசு அமுங்கியிருக்கும், பாடி கோணலாக உட்காரும், கதவு பூட்டாது. மொத்த செட்டையும் மாற்றுங்கள்.

புதூர்_ரப்பர்_மோல்டிங் எழுதியது:

டிரைவர் அண்ணன் சொன்ன முறைக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, ரப்பரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் நம் தொழில். வெள்ளரிப்பட்டியில் டயரும் கோச்சடையில் பெல்ட்டும் செய்கிற மதுரையில் இருந்துகொண்டு டயர் துண்டு வெட்டி வைப்பது எனக்கு மனசு வரவில்லை.

டயர் துண்டில் என்ன குறை என்றால், அதன் உள்ளே நைலான் நூலோ எஃகுக் கம்பியோ அடுக்கடுக்காக இருக்கும், ரப்பர் அமுங்கி எழும்ப விடாது. ஓடும்போது ரோட்டோடு உரசித் தேய்ந்துபோகாமல் இருப்பதற்காகச் செய்த கலவை அது, அதிர்வைத் தின்பதற்குச் செய்ததல்ல. எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் கிடைக்கவும் கிடைக்காது. கன்வேயர் பெல்ட் துண்டுக்கும் இதே கதைதான், அதில் துணி அடுக்கு.

பாலியூரித்தேன் சீக்கிரம் கெட்டுப்போகாது, எண்ணெய் பட்டாலும் ஊறாது, பாடி அசையாமல் நிற்கும். ஆனால் எஞ்சின் அதிர்வு, ரோட்டுச் சத்தம் எல்லாவற்றையும் உள்ளே அனுப்பும், அந்தப் பழைய டீசல் எஞ்சினுக்கு அது தலைவலி. காய்ந்த பிறகு கீச் கீச் என்று கத்தவும் செய்யும், போடும்போது சிலிக்கான் கிரீஸ் தடவினால் குறையும். போட்டிக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. தோப்புக்குப் போகிற வண்டிக்கு நல்ல இயற்கை ரப்பர் போதும், ரப்பரின் கடினத்தை அளக்கிற ஷோர் ஏ அளவில் 60 முதல் 70 வரை இருந்தால் சரியாக இருக்கும். இயற்கை ரப்பருக்கு எதிரி டீசலும் எண்ணெயும், எஞ்சின் பக்கத்து மவுண்டில் ஆயில் கசிவு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் புதுசும் ஊதிக் கூழாகிவிடும். மாட்டும்போது வழுக்குவதற்காக கிரீஸ் தடவுவதும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

எல்லோரும் ரப்பரைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதன் நடுவில் இருக்கிற இரும்பு ஸ்லீவ்தான். மேல் ரப்பரும் கீழ் ரப்பரும் எவ்வளவு அமுங்கணும் என்று தீர்மானிப்பது அந்தக் குழாயின் நீளம். போல்ட்டை முறுக்கும்போது வாஷர் குழாயில் போய் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் ரப்பர் நசுங்காது. குழாய் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர்தான் நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் ஒருநாளும் இறுகி நிற்காது, ஓட்டத்தில் தளர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் மறுபடி டொக் டொக். அதனால் உங்கள் வண்டியில் நல்லபடியாக இருக்கிற ஒரு ஸ்லீவை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போய் அதே நீளத்தில், கெட்டிச் சுவர் உள்ள குழாயில் வெட்டச் சொல்லுங்கள். முன் மவுண்டும் பின் மவுண்டும் ஒரே நீளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் இடத்தைக் குறித்துவிடுங்கள். சில மவுண்டில் மெல்லிய தகடுகள் சொருகியிருக்கும், பாடியை மட்டம் பார்த்து வைத்தவை, அவற்றையும் அதே இடத்திலேயே திருப்பி வைக்கணும்.

கல்லுப்பட்டி_ஆஃப்ரோடு எழுதியது:

எப்படியும் தூக்கத்தான் போறீங்க, ரப்பருக்குப் பதில் உயரமான நைலான் ஸ்பேசர் வெச்சு பாடியை இரண்டு மூன்று இஞ்ச் ஏத்திடுங்க, பெரிய டயர் போடலாம், லுக்கும் செம்மையா இருக்கும்.

ஏலமலை_டிரைவர் எழுதியது:

லுக் இருக்கும், ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்ட் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று பார்த்தீர்களா? நீள போல்ட் போட்டால் அது வளையவும் ஆரம்பிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வேறு இருக்கிறது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய வண்டி, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போய் நிற்கணும். அதே அளவு ரப்பர் போடுவது ரிப்பேர், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தம்பி தோப்புக்குப் போகத்தானே கேட்கிறார்.

சாப்டூர்_தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை ஆரம்பித்துவிட்டோம். ரப்பர் செட் கிடைத்தது, ஸ்லீவ் எல்லாம் லேத்தில் புதிதாக வெட்டியாச்சு. டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி தளர்த்தித் தூக்கினதில் ஒரு பக்கம் முழுக்க முடிந்தது. மறுபக்கம் பின் மவுண்டில்தான் வில்லங்கம்: சேஸிலிருந்து நீட்டிக்கொண்டு இருக்கிற பிராக்கெட்டே துரு தின்று ஓட்டை பெரிதாகிவிட்டது, வாஷர் உள்ளே இறங்கும்போல இருக்கிறது. பெரிய வாஷர் போட்டுச் சமாளிக்கலாமா?

புதூர்_ரப்பர்_மோல்டிங் எழுதியது:

வேண்டாம். துருவைச் சுரண்டிப் பளபளப்பான இரும்பு வருகிற வரைக்கும் போங்கள், பாதி பிராக்கெட் அப்போதே காணாமல் போய்விடும். அதே கனத்தில் தகடு வெட்டிப் பற்றவைத்து, ஓட்டையைப் புதிதாகப் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்த பிறகு ரப்பர் வையுங்கள். வெல்டிங் செய்யும்போது ரப்பர் பக்கத்தில் இருக்கக் கூடாது, பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஏலமலை_டிரைவர் எழுதியது:

அண்ணன் சொன்னதுதான். முடிந்ததும் எல்லா போல்ட்டையும் கையால் போட்டுவிட்டு, பாடியை முழுசாக இறக்கி, வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது மாற்றி மாற்றி இறுக்குங்கள். கதவும் பானட்டும் சரியாக உட்காருகிறதா பார்த்துவிட்டுத்தான் கடைசி முறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் படியும்.

சாப்டூர்_தோப்பு எழுதியது:

முடிந்தது. பிராக்கெட் பற்றவைத்து மாட்டியாச்சு, நேற்று தோப்பு வரைக்கும் போய்வந்தோம், டொக் டொக் சுத்தமாக இல்லை, ஸ்டீயரிங்கும் முன்னைவிடக் கைக்கு அடங்கி நிற்கிறது. ஆனால் ராத்திரி திரும்பும்போது ஹெட்லைட் மங்கலாக எரிந்தது, ஹாரன் அடித்தால் இன்னும் மங்குகிறது, டீசல் முள் வேறு தாறுமாறாக ஆடுகிறது. பேட்டரி புதுசு. இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ஏலமலை_டிரைவர் எழுதியது:

இருக்கும். முன்பு ரப்பர் இல்லாத இடத்தில் பாடி நேராக சேஸில் உட்கார்ந்து எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) எடுத்துக்கொண்டிருந்திருக்கும், இப்போது புது ரப்பர் அதைத் தடுத்துவிட்டது, போல்ட் வழியாக வருவது போதாது. எஞ்சினிலிருந்து பாடிக்கும், சேஸிலிருந்து பாடிக்கும் பின்னல் எர்த் வயர் இருக்கிறதா பாருங்கள், பழைய வண்டிகளில் அது பாதி அறுந்தே கிடக்கும். புதுசு வாங்கி, இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.