சின்ன அலைக்கு எந்த போர்டு? ஆலோசனை தேவை

நண்பர்களே, புது சர்ஃப் போர்டு வாங்கும் யோசனையில் இருக்கிறேன். எடை 75 கிலோ. எழுந்து நிற்பது, பச்சை அலையில் (இன்னும் நுரையாக உடையாத அலை) பக்கவாட்டில் போவது எல்லாம் வரும். நான் போகும் இடத்தில் அலை பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான், வேகமும் குறைவு.

இப்போதுள்ளது 6 அடி 2 அங்குல ஷார்ட்போர்டு, கன அளவு 30 லிட்டர். மூக்கு நன்றாக மேலே வளைந்தது. செங்குத்தான அலைக்கு அது சரி. சோம்பேறி அலையில் எவ்வளவு துடுப்பிட்டாலும் அலை என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

மனதில் இருப்பது 5 அடி 8 அங்குல ட்வின் ஃபின் ஃபிஷ் (அடியில் இரண்டு ஃபின் தகடும், மீன் வால் போல் பிளந்த வாலும் உள்ள குட்டை போர்டு), 36 லிட்டர். அகலம் அதிகம், அடிப்பாகம் தட்டை, அதனால் சீக்கிரம் வேகம் பிடிக்கும் என்பது என் கணக்கு. 9 அடி லாங்போர்டு இன்னும் சுலபமாக அலை பிடிக்கும், தெரியும். ஆனால் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே அலுப்பு!

ஃபிஷ் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: முழங்கால் உயர அலையில் உண்மையிலேயே ஓடுமா, இல்லை 7 அடி மிட்லெங்த் (நடுத்தர நீள போர்டு) பக்கம் போகலாமா? அப்புறம், எப்பாக்ஸி (ஒரு வகை பிசின்) போர்டு லேசு, நன்றாக மிதக்கும். காற்றடித்து நீர் கலங்கும்போது ரொம்ப அதிருமா?