டிமென்ஷியா ஸ்கிரீனிங்குக்கு தமிழ்ல நல்ல ஆப் இருக்கா?

வணக்கம் மக்களே, மக்களைத் தேடி மருத்துவத்துல 2021லேருந்து வீட்டுக்கே வந்து பிபி சுகர் பாக்குறாங்கல்ல, அதே மாதிரி எங்க ஊர்ல வயசானவங்களுக்கு மொபைல் ஆப் வச்சு மறதி நோய் இருக்கான்னு ஆரம்பத்துலயே பாக்கலாம்னு நாங்க சில பேர் கிளம்பிருக்கோம். இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு இது இருக்குன்னு வயசானவங்க மறதி நோய் பத்தி இந்தியா முழுக்க எடுத்த லாசி-டாட் (LASI-DAD) ஆய்வு சொல்லுது, வீட்லயோ வயசானா மறதி சகஜம்தானேன்னு விட்டுடுறாங்க. பிரச்சனை என்னன்னா நான் பாத்த டெஸ்ட்ல கடிகாரம் வரையச் சொல்லுது, 100லேருந்து ஏழேழா கழிக்கச் சொல்லுது, பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா பேனாவே புடிச்சதில்லப்பான்னு கைய விரிக்குறாங்க, இதுல காது வேற மந்தம், அப்ப வர்ற மார்க்க எப்படி நம்புறது? எழுதப்படிக்க தெரியாதவங்களுக்கும் ஒத்துவர்ற, தமிழ்ல பேசி கேக்குற, நெட் இல்லாமலும் ஓடுற ஆப் யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா? மார்க் கம்மியா வந்தா, மறதிக்கு வேற காரணம் இருக்கான்னு பாக்க பி12, தைராய்டு டெஸ்ட் எடுத்துட்டு அனுப்பணுமா இல்ல நேரா நியூராலஜியா? ஃபீல்டுல இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.