தெரபி பாலர் வகுப்பில் பொறுப்பாசிரியர்: 9 பிள்ளைகள், 2 உதவியாளர்கள், ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

புதுவகுப்பு கேட்டது:

வணக்கம். ஆரம்பநிலைப் பயிற்சி மையம் ஒன்றில் பாலர் வகுப்புக்குப் பொறுப்பாசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். 3 முதல் 5 வயது வரை 9 பிள்ளைகள். ஆட்டிசம் 5, பெருமூளை வாதம் 2, டவுன் சிண்ட்ரோம் 1, 'பேச்சுத் தாமதம் மட்டும்' என்று வந்திருப்பது 1. நேரம் காலை 9.30 முதல் 12.30 வரை. உதவிக்கு இரண்டு அக்காக்கள். ஸ்பீச் (பேச்சு), ஓ.டி. (அன்றாடச் செயல்திறன்), பிசியோ (உடல் இயக்கம்) தெரபிஸ்ட்கள் மூவரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அரை மணி நேரம் தங்கள் அறைக்குக் கூட்டிப்போகிறார்கள்.

வட்ட நேரம், அதாவது எல்லாரும் வட்டமாக உட்காரும் நேரம், 20 நிமிடம் என்று அட்டவணையில் இருக்கிறது, 5 நிமிடத்திலேயே கலைந்துவிடுகிறது. விளையாட்டிலிருந்து சிற்றுண்டிக்குப் போகும்போது ஒரு பையன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கடிக்கிறான். எந்நேரமும் யாராவது தெரபிக்குப் போவதும் வருவதுமாக இருப்பதால் எதுவும் முழுதாக முடிவதில்லை. ஐ.இ.பி. (ஒவ்வொரு பிள்ளைக்குமான தனிக் கல்வித் திட்டம்) கோப்பில் 'கவனம் மேம்பட வேண்டும்', 'சமூகத் திறன் வளர வேண்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. இதை எப்படி அளப்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கரும்பலகை பதில்:

டீச்சர், முதலில் பெரியவர்களை ஒழுங்குபடுத்துங்கள். பொறுப்பாசிரியரின் வேலையில் பாதி அதுதான். மூன்று பெரியவர்கள் ஒரே இடத்தில் கூடி, இன்னொரு இடத்தில் யாருமே இல்லாத அந்த நிமிடத்தில்தான் கடியும் ஓட்டமும் நடக்கும்.

ஒரு சார்ட் தாளில் இடது ஓரம் நேரம், மேலே மூன்று பெரியவர்கள் என்று கட்டம் போடுங்கள். 'இந்த அக்காவுக்கு இந்தப் பிள்ளை' என்று பிரிக்காதீர்கள். அந்த அக்கா விடுப்பு எடுத்தால் பிள்ளை தவித்துப்போகும். ஆளுக்கு ஒரு இடம் கொடுங்கள்: ஒருவர் மேசை, ஒருவர் தரை விளையாட்டு, ஒருவர் கதவும் கழிப்பறையும். பிள்ளைகள் இடம் மாறுவார்கள், பெரியவர் தன் இடத்திலேயே இருப்பார்.

விளையாட்டிலிருந்து சிற்றுண்டிக்கு மாறுவதை இப்படி நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் கிளம்புவதற்கு 2 நிமிடம் முன்பே ஒரு அக்கா தட்டு, டம்ளர், நறுக்கிய பழம் எல்லாம் வைத்து மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாமவர் குழாயடியில். நீங்கள் விளையாட்டு இடத்திலிருந்து இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். கை கழுவியவர் நேராக மேசைக்குப் போய் உடனே ஒரு வாய் சாப்பிடத் தொடங்கலாம். 9 பேரும் வரிசையில் நின்று கழுவி, பிரார்த்தனை சொல்லி, அதன்பின் தட்டு வரும் என்றால் முதலில் நின்ற பிள்ளை 10 நிமிடம் சும்மா காத்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மிக நீளம். கடைசிப் பிள்ளை கிளம்பியதும் பொம்மை அலமாரியைத் துணியால் மூடிவிடுங்கள்.

வட்ட நேரத்தை 7 நிமிடமாகக் குறையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் புகைப்படமும் வரும் வணக்கப் பாட்டு, உடம்பை அசைக்கும் ஒரு பாட்டு, பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பார்ப்பது. இவ்வளவு போதும். எல்லாரும் உட்காரத் தொடங்கிய பிறகு வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம். தரையில் பாய்தான் என்று இல்லை. பாதம் முழுசாகத் தரையில் படும் உயரத்தில் ஸ்டூல் கிடைத்தால் பாதிப் பேர் அசையாமல் உட்காருவார்கள். முழங்கால் மடக்கி, பாதங்களை இரு பக்கமும் வெளியே விரித்து உட்காரும் பிள்ளையைக் கவனித்து மாற்றி உட்கார வையுங்கள்.

அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் அட்டவணைப் படங்கள் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும். படம் புரியாதவர்களுக்குப் பொருளையே கொடுங்கள்: சிற்றுண்டிக்கு டம்ளர், வெளியே போகச் செருப்பு, ஓ.டி. அறைக்கு அங்கிருக்கும் பந்து. அந்தப் பொருளைப் பிள்ளையே எடுத்துப்போய் அங்கே வைக்க வேண்டும். முடிந்த படத்தைக் கழற்றி 'முடிந்தது' பெட்டியில் போடுவதும் பிள்ளைதான். டீச்சர் தானே நகர்த்தினால் அது சுவர் அலங்காரமாகிவிடும். வெல்க்ரோவில் சொரசொரப்புப் பக்கம் அட்டைக்கா பலகைக்கா என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லா அறைகளிலும் அப்படியே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீச் அறை அட்டை உங்கள் பலகையில் நிற்காது.

நெல்லைச்சீமை பதில்:

கடிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். காதுவலி, பல் சொத்தை, மலச்சிக்கல், சரியில்லாத தூக்கம், வலிப்பு மருந்தில் மாற்றம் இதில் ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் மூன்று வயதை ஒட்டியும் முளைக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்து, 10 பள்ளி நாட்களுக்கு ஒரு சின்னப் பதிவு. நேரம், இடம், பக்கத்தில் யார், அதற்குச் சற்று முன் என்ன சொன்னோம் அல்லது எதை எடுத்தோம், கடித்தவுடன் அவனுக்கு என்ன கிடைத்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம், பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 'கோபத்தில் கடித்தான்' என்று எழுதாதீர்கள், அது நம் ஊகம். 'பந்தை வாங்கி வைத்தேன், 4 விநாடியில் இடதுபக்கப் பிள்ளையின் தோளில் கடித்தான், நான் அவனைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன்' என்று எழுதினால் பதில் அந்த வரியிலேயே இருக்கும்.

நான்கு காரணங்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: ஒரு பொருள் வேண்டும், நம் கவனம் வேண்டும், அந்த இடத்திலிருந்து தப்ப வேண்டும், வாய்க்கு அந்த அழுத்தம் வேண்டும். இது தெரியாமல் தனியே உட்காரவைக்கும் தண்டனையைத் தொடங்கவே கூடாது. தப்பிக்கக் கடிக்கும் பிள்ளையைத் தனியே அனுப்பினால் அவன் கேட்டதையே நாம் கொடுக்கிறோம், மறுநாள் அதிகமாகக் கடிப்பான். அவனுக்கு 'போதும்' அட்டை ஒன்று கொடுங்கள். கூட்டம் நெருங்கும்போதே, கடிப்பதற்கு முன், பின்னால் நிற்கும் பெரியவர் அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அட்டை கைக்கு வந்த ஓரிரு விநாடியில் அவனுக்கு இடம் கிடைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எத்தனை முறை கேட்டாலும் கொடுங்கள். காத்திருக்கப் பழக்குவது அதற்குப் பிறகு. பழைய வழி பலிக்காதபோது கடி சில நாள் கூடும். அந்த நேரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

கடித்துப் பிடித்திருக்கும்போது கையையோ தோளையோ வெளியே இழுத்தால் தோல் கிழியும். கடிபட்ட இடத்தை மெல்ல அவன் வாய்ப் பக்கமே தள்ளுங்கள், தாடை தளரும். பிறகு சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு அன்றே சொல்லுங்கள், ஆனால் கடித்தது யார் என்று சொல்லாதீர்கள். திருப்பிக் கடிப்பது, வாயில் மிளகாய் தடவுவது, இருட்டு அறை எல்லாம் பிள்ளைக்குச் செய்யும் வன்முறை. யார் யோசனை சொன்னாலும் வகுப்புக்குள் விடாதீர்கள்.

பேச்சுமொழி பதில்:

தெரபிஸ்ட்கள் கூட்டிப்போவதைப் பற்றி. முதலில் தெரபி நேரங்களைக் குறிக்கும் பதிவாளரோடு உட்கார்ந்து 9.30 முதல் 10.15 வரை யாரையும் கூப்பிடக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு எந்த இலக்கை வகுப்புக்குள்ளேயே செய்யலாம் என்று ஒவ்வொரு தெரபிஸ்ட்டிடமும் கேளுங்கள். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர முடியாது. ஒலி திருத்தத்துக்கு அமைதி வேண்டும், தசை இழுப்புப் பயிற்சிக்குத் தனி இடம் வேண்டும். கேட்டு வாங்கும் பழக்கம், ஸ்பூன் பிடிப்பது, நிற்பது இவையெல்லாம் வகுப்பில்தான் நடக்க வேண்டும்.

ஸ்பீச் தெரபிஸ்ட் சிற்றுண்டி மேசைக்கு வரட்டும். ஒரு முறுக்கை அப்படியே கொடுத்தால் பிள்ளை ஒரு முறைதான் கேட்கும், 15 துண்டாக உடைத்தால் 15 முறை கேட்கலாம். படம் கொடுத்துக் கேட்கப் பழக்கும் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர் தேவை. முன்னால் இருப்பவர் தின்பண்டத்தைக் காட்டுகிறார். பின்னால் இருப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமல், பிள்ளை கை நீட்டும்போது அதைப் படத்தை எடுக்கத் திருப்பி, முன்னவர் கையில் வைக்கச் செய்கிறார். இங்கே எல்லாரும் செய்யும் பிழை 'என்ன வேணும்?' என்று முதலிலேயே கேட்பது. அப்படிப் பழகிய பிள்ளை யாரும் கேட்காவிட்டால் பசியோடு சும்மா உட்கார்ந்திருக்கும்.

பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கு ஊட்டும் முறையை இரண்டு அக்காக்களுக்கும் தெரபிஸ்ட் நேரில் செய்து காட்ட வேண்டும். இடுப்பு நாற்காலியின் பின்புறம் ஒட்டி, முழங்கால் மடங்கி, பாதம் பலகையில், தலை லேசாக முன்னோக்கி. ஸ்பூன் நேர் எதிரிலிருந்து, வாய் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே வர வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அங்கேதான். விழுங்கிவிட்டதா என்று பார்த்து அடுத்த வாய். இருமல், கண்ணில் நீர், குரலில் ஈரக் கரகரப்பு இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். தெளிந்த தண்ணீர் பல பிள்ளைகளுக்குக் குழைந்த சாதத்தைவிடக் கடினம். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதைத் தெரபிஸ்ட் எழுதித் தரட்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

பிள்ளையைத் தாங்கி நிற்கவைக்கும் சட்டத்தை (ஸ்டாண்டிங் ஃபிரேம்) வகுப்புக்குத் தரும்படி பிசியோவிடம் கேளுங்கள். எத்தனை நிமிடம் என்று அவர் குறித்துக் கொடுத்தால் அந்த நேரத்தில் பிள்ளை மேசையில் வண்ணம் தீட்டலாம். கை, காலைத் தாங்க மாட்டும் ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிய 20 நிமிடத்துக்குப் பிறகும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் அன்று மறுபடி மாட்டாமல் பிசியோவிடம் காட்டுங்கள்.

கரும்பலகை சொன்ன 7 நிமிட வட்டத்தோடு ஒன்று சேர்க்கிறேன். அதற்கு முன் 5 நிமிடம் தள்ளுவது, இழுப்பது, சுமப்பது இருக்கட்டும். நாற்காலிகளைப் பிள்ளைகளே தள்ளி வட்டமாகப் போடலாம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கூடைக்கு எடுத்துப்போகலாம். சுழலும் ஊஞ்சலை மட்டும் வட்டத்துக்கு முன் வேண்டாம், சிலருக்கு அது பரபரப்பைக் கூட்டும். எடை வைத்துத் தைத்த ஜாக்கெட்டை ஓ.டி. எழுதிக் கொடுக்காமல் போடவே கூடாது.

மருதம் பதில்:

ஐ.இ.பி. இலக்கில் மூன்று இருக்க வேண்டும்: எந்தச் சூழலில், பிள்ளை என்ன செய்யும், எவ்வளவு செய்தால் எட்டியதாகக் கொள்வோம். 'கவனம் மேம்பட வேண்டும்' என்பதை இப்படி மாற்றலாம்: 'வட்ட நேரத்தில் ஸ்டூலில், பெரியவர் தொடாமல், 4 நிமிடம் உட்காருவான், 5 நாளில் 4 நாள், தொடர்ந்து 2 வாரம்.' தொடங்குவதற்கு முன் 3 நாள் வெறுமனே அளந்து, இப்போது எவ்வளவு என்று எழுதுங்கள். இப்போது 40 விநாடி என்றால் 4 நிமிடம் பேராசை, முதல் இலக்கு ஒன்றரை நிமிடமாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 4 இலக்குக்கு மேல் வேண்டாம். 12 இலக்கு எழுதினால் கோப்பு அழகாக இருக்கும், வேலை எதிலும் நடக்காது.

தினமும் எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இலக்கையும் வாரம் இரண்டு முறை அளந்தால் போதும். ஏப்ரனில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடக்கும்போதே ஓர் எழுத்து: 'தா' தானாக, 'சை' சைகை காட்டி, 'சொ' சொல்லி, 'கை' கைபிடித்து. மாலையில் டேப்பை அப்படியே நோட்டில் ஒட்டிவிடலாம். இரண்டு வாரமாக 'கை'யிலேயே நின்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், படியைச் சின்னதாக்குங்கள்.

'பேச்சுத் தாமதம் மட்டும்' என்று வந்திருக்கும் பிள்ளைக்குக் காது பரிசோதனை நடந்ததா? கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனைக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், மாவட்ட அளவில் நடக்கும் டி.இ.ஐ.சி. எனும் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பிக் காது, கண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மற்ற பெற்றோருக்கு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் சொல்லுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. வலிப்பு வரக்கூடிய பிள்ளைகள் யார் என்று சேர்க்கைப் படிவத்தில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் திட்டம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வந்தால் நேரம் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மடித்த துணி. வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது, அக்காக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு வருமுன் அடுத்தது வந்தாலோ 108. மூக்கில் அடிக்கும் மருந்தை அந்தப் பிள்ளையின் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், பயிற்சி பெற்றவர் மட்டும் கொடுக்கலாம்.

புதுவகுப்பு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரு கேள்வி பாக்கி. அக்காக்கள் இருவரும் பாசமானவர்கள், ஆனால் செருப்பு கழற்றுவதிலிருந்து ஊட்டுவது வரை எல்லாம் அவர்களே செய்துவிடுகிறார்கள். மனம் நோகாமல் எப்படி மாற்றுவது?

கரும்பலகை பதில்:

'உதவாதீர்கள்' என்று சொன்னால் பிள்ளையைக் கைவிடச் சொல்வதாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். எங்கே உதவ வேண்டும் என்பதைக் காட்டுங்கள். ஒரே ஒரு வேலையை எடுங்கள், செருப்பு போதும். எல்லாப் படியையும் அக்காவே செய்யட்டும், கடைசிப் படி மட்டும் பிள்ளைக்கு: வார் அவிழ்த்து, குதிகால் வெளியே வந்த செருப்பைப் பிள்ளை இழுத்துக் கழற்றுகிறது. அது தானாக நடந்ததும் அதற்கு முந்தைய படியையும் பிள்ளைக்கு விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கையால்தான் வேலை முடிகிறது, அக்காவும் அதைக் கண்ணால் பார்க்கிறார்.

கூடவே ஒரு விதி: கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் 'கழட்டு, கழட்டு' என்று திரும்பச் சொல்லவும் கூடாது, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பிள்ளை முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். மருதம் சொன்ன டேப்பை அக்காக்கள் ஏப்ரனிலும் ஒட்டி, செருப்புக்கு மட்டும் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். 12.30-க்குப் பிள்ளைகள் போனதும் 10 நிமிடம் மூவரும் உட்கார்ந்து டேப்புகளைப் பாருங்கள். அந்த 10 நிமிடம் அவர்களுடைய வேலை நேரத்துக்குள் வருமாறு நிர்வாகத்திடம் முன்பே பேசி வாங்கிவிடுங்கள்.