ஏற்காட்டில் இளையோர் திருப்பலி: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: சேலம் இளையோர்

இயேசுவுக்கே புகழ்! கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பங்கு இளையோர் 60 பேருக்கு ஏற்காட்டில் தியானம். மாலை 5 மணிக்கு வெட்டவெளியில் ஞாயிறு திருப்பலி, அது முடிந்ததும் நற்கருணை ஆராதனை. கீபோர்டு, கிட்டார், கஹோன் (பெட்டி மேளம்) இருக்கின்றன. பாடல் பட்டியலைத் திருவழிபாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுப் போட்டு வரும்படி ஃபாதர் சொல்லிவிட்டார்.

மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இது முதல் ஆண்டு என்பதால் பதிலுரைப் பாடல் திருப்பாடல் 23. அதற்குப் பதிலாக 'ஆயர்' என்று வரும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பாடலாமா? நற்செய்தி முடிந்ததும் ஓர் இளைஞர் சாட்சியம் சொல்லலாமா? சமாதானம் பகிரும்போது ஒரு பாட்டு உண்டா? சிறுவர் திருப்பலிக்குச் சில சலுகைகள் உண்டாமே, அவை எங்களுக்கும் பொருந்துமா?

பதில் 1: உபதேசியார்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், குழப்பம் தொடங்குவதே அங்கேதான். சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி 1973-இல் வந்தது. வளரிளம் பருவத்தை எட்டாத பிள்ளைகளுக்கு மட்டுமே அது. கல்லூரி மாணவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் பொருந்தாது. உங்களுடையது முழுமையான ஞாயிறு திருப்பலி, அதுவும் பெருவிழா. வானவர் கீதமும் (திருப்பலித் தொடக்கத்தில் வரும் மாட்சிமைப் பாடல்) விசுவாச அறிக்கையும் கட்டாயம். வாசகங்களை 'இளையோர் தலைப்புக்கு' மாற்ற முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, எண் 22: குருவே ஆனாலும் தாமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது.

பதிலுரைப் பாடல் இறைவார்த்தை. வாசகத்துக்கும் வாசகத்துக்கும் நடுவே இடம் நிரப்ப வைத்த பாட்டல்ல. அந்த இடத்தில் வேறு பாட்டு வைக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 61-ஆம் எண் நேரடியாகவே சொல்கிறது. உங்கள் பாட்டைத் திருவிருந்துக்கு, அதாவது மக்கள் நற்கருணை வாங்கும் நேரத்துக்கு, வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அழகாகப் பொருந்தும். திருப்பாடலுக்கு வழி எளிது: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்ற பல்லவிக்கு மட்டும் நல்ல மெட்டுப் போடுங்கள். பாடகர் ஒருமுறை பாட, மக்கள் திருப்பிப் பாடுவார்கள். அடிகளை ஒருவர் மட்டும் ஒரே சுரத்தில் ஓதி, வரியின் முடிவில் இறக்கினால் போதும். மேளம் வேண்டாம்.

வானவர் கீதத்தில்தான் அதிகம் தவறுகிறது. "மாட்சிமை, மாட்சிமை" என்று பல்லவியையே சுற்றிச் சுற்றி வரும் பாடல்கள் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் நடுவில் வரும் இரக்க வேண்டல்கள் காணாமல் போயிருக்கும். அதே பொதுப் படிப்பினை எண் 53-இன்படி இந்தப் பாடலை வேறு பாடத்தால் மாற்ற முடியாது. திருப்பலிப் புத்தகத்தை ஒரு கையிலும் பாட்டுத்தாளை மறு கையிலும் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு வரி குறைந்தாலும் அந்தப் பாட்டு வேண்டாம். 'தூயவர்', 'உலகின் பாவம் போக்கும்' ('செம்மறி' பாடல்) இரண்டுக்கும் இதே சோதனைதான்.

நற்செய்தி முடிந்ததும் வருவது மறையுரை, அது திருப்பட்டம் பெற்றவருக்கே (குரு, திருத்தொண்டர் போன்றோர்) உரியது. சாட்சியத்துக்குத் தியான அமர்வே சரியான இடம். திருப்பலிக்குள் வைத்தே ஆக வேண்டிய தக்க காரணம் இருந்தால், நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்தபிறகு வைக்கலாம்.

சமாதானப் பாட்டு வேண்டாம். 2014-இல் உரோமிலிருந்து வந்த சுற்றறிக்கை இதைத் தவிர்க்கச் சொல்கிறது. காரணம் நடைமுறையிலேயே தெரியும்: பாட்டு நீள நீள எல்லாரும் எழுந்து நடமாடுவார்கள், அதற்குள் குரு பீடத்தில் அப்பத்தைப் பிட்டு முடித்திருப்பார். பிடும்போது பாட வேண்டிய 'செம்மறி' பின்தங்கிவிடும். நின்ற இடத்திலேயே பக்கத்தவரைப் பார்த்துக் கைகூப்புங்கள். 1969-இல் இந்தியத் திருச்சபைக்கு அனுமதிக்கப்பட்ட, நம் பண்பாட்டுக்கேற்ற 12 மாற்றங்களில் அதுவும் ஒன்று.

பதில் 2: கீபோர்டு வாசிப்பவர்

உபதேசியார் ஐயா சொன்னதோடு இசைப்பக்கம் கொஞ்சம்.

குரு மன்றாட்டுச் சொல்லும்போது, குறிப்பாக நற்கருணை மன்றாட்டின்போது ('தூயவர்' பாடலுக்குப் பின் பீடத்தில் குரு சொல்லும் நீண்ட மன்றாட்டு), எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது (பொதுப் படிப்பினை, எண் 32). 'உருக்கமாக இருக்கும்' என்று பின்னணியில் மெல்லிய பேட் ஒலி (கீபோர்டில் நிற்காமல் நீளும் ஒலி) பிடிப்பது இப்போது பரவலாகிவிட்டது, அது தவறு. 'தூயவர்' முடிந்ததும் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கி, சஸ்டெய்ன் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிக் கார்டு இழுத்துக்கொண்டே இருக்கும், குருவின் முதல் வரி அதில் மூழ்கிவிடும்.

ரெக்கார்டு செய்த டிராக் எடுத்துப் போகாதீர்கள். காணிக்கைப் பவனி 2 நிமிடத்தில் முடிந்தாலும் டிராக் 5 நிமிடம் ஓடும், குரு காத்து நிற்பார். நேரடியாக வாசித்தால் எந்த வரியிலும் நிறுத்தலாம். திருவிருந்துப் பாடலைக் குரு உட்கொள்ளும்போதே தொடங்குங்கள், வரிசை நகரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சுருதியும் முக்கியம். இளையோர் மேலே எடுத்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கீபோர்டின் டிரான்ஸ்போஸில் (சுருதி மாற்றும் வசதி) 2 படி இறக்குங்கள்.

சேலம் இளையோர்

மிக்க நன்றி ஐயா. கஹோனுக்குத் தடை உண்டா?

பதில் 1: உபதேசியார்

சட்டத்தில் கருவிகளின் பெயர்ப் பட்டியல் கிடையாது. வழிபாட்டுக்குத் தகுதியானதா, மக்கள் பாடுவதைத் தாங்குகிறதா என்பதே அளவுகோல். முடிவு ஆயர்களுடையது, மறைமாவட்ட நடைமுறையை ஃபாதரிடம் கேளுங்கள். பாடுபவரின் சொல் கேட்காத அளவுக்கு அடித்தால் எந்தக் கருவியும் தவறுதான்.

பதில் 3: சக்ரிஸ்தி (திருப்பலிப் பொருள்கள் வைக்கும் அறை) பொறுப்பாளர்

வெட்டவெளித் திருப்பலிக்கு: உறுதியான மேசை, வெள்ளைத் துணி, திருமேனித்துகில் (அப்பமும் கிண்ணமும் வைக்க விரிக்கும் சிறு துணி), பாடுபட்ட சிலுவை, குறைந்தது 2 மெழுகுவர்த்தி. ஏற்காட்டில் நவம்பர் மாலையில் காற்றும் மூடுபனியும் சேர்ந்து வரும். மெழுகுவர்த்திக்குக் கண்ணாடிக் கூடு, துணியின் நான்கு மூலைக்கும் கிளிப், அப்பக் கிண்ணத்துக்கு மூடி, இந்த மூன்றையும் மறக்காதீர்கள். மூடாமல் வைத்தால் அப்பம் ஈரம் இழுத்துத் துவண்டுவிடும். வாசகத்தை மொபைலில் படிக்க வேண்டாம், வாசக நூலையே மலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

காணிக்கைக்கு முன் தலையை எண்ணி, அதற்குத் தக்க அப்பம் வையுங்கள். மைதானத்தில் நற்கருணைப் பேழை இருக்காது. மீந்ததை அங்கேயே உட்கொள்ள வேண்டும், அல்லது உடனே அருகிலுள்ள ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆராதனையைக் காற்றில் வைக்காமல் சிற்றாலயத்துக்குள் வையுங்கள். திருப்பலி முடிந்த கையோடு அதே பீடத்தில் நீண்ட ஆராதனை என்றால், அந்தத் திருப்பலியில் அர்ப்பணித்த அப்பத்தையே கதிர்பாத்திரத்தில் (நற்கருணையை எல்லாரும் பார்க்க வைக்கும் பாத்திரம்) வைப்பார்கள். நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டோடு திருப்பலி நிற்கும், இறுதி ஆசீர் கிடையாது. இது தெரியாமல் அறிவிப்பாளர் "இறுதி ஆசீர் பெறுவோம்" என்று சொல்லிவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இடம் மாறிப் போகிறீர்கள் என்றால் திருப்பலியை வழக்கம்போல் முடித்துவிட்டு, ஆராதனையைத் தனியாகத் தொடங்குங்கள்.

கதிர்பாத்திரத்துக்கு 4 முதல் 6 மெழுகுவர்த்தி, தூபம். துதிப் பாடல்களுக்கு இங்கே தாராளமாக இடமுண்டு, கஹோனும் கிட்டாரும் நடுப்பகுதியில் வரட்டும். ஆனால் வாசகமும் மௌனமும் கட்டாயம் வேண்டும், குறைந்தது 10 நிமிடம் யாரும் எதையும் தொடாமல் இருங்கள். கடைசியில் 'மாண்புயர்' என்ற நற்கருணைப் பாடலைப் பாடி, தூபம் காட்டி, மன்றாட்டு முடிந்தபின் குருவோ திருத்தொண்டரோ ஆசீர் தருவார். ஆசீருக்காக மட்டும் 2 நிமிடம் எழுந்தேற்றம் செய்வது (நற்கருணையை வெளியே எடுத்து வைப்பது) தடை செய்யப்பட்டது. பேருந்துக்கு நேரமாகிவிட்டால் ஆராதனையைச் சுருக்காமல், பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.