புதுப்பிப்பு: திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று, கனடா விண்ணப்பம்

ராயபுரத்து வாடகை ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது, நானும் என் துணையும் சேர்ந்து வாழ்வதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருந்தேன். நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது. வழி சொன்னவர்களுக்கு நன்றி.

கனடா கேட்பது, தொடர்ந்து 12 மாதங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கான ஆதாரம். சேர்ந்து வாழ்கிறோம் என்று உறுதி கூறும் கனடா அரசின் ஐஎம்எம் 5409 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டோம். அது மட்டும் போதாது. கைகொடுத்தது, ஒரே முகவரிக்கு வந்த இருவர் காகிதங்களையும் மாதவாரியாக அடுக்கச் சொன்ன யோசனைதான்: என் துணையின் வங்கி அறிக்கை, என் சிலிண்டர் ரசீது. வீட்டுக்கார அம்மா தன் வாடகை நோட்டையே தந்தார். எந்த மாதம் யார் கொடுத்தது என்பதுவரை பென்சிலில் குறித்திருந்தார், புண்ணியவதி!

எதிர்பாராதது ஒன்று: தமிழில் இருந்த அந்த நோட்டுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு, மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரமும் தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.